தடம் பார்த்தவர்கள்: துப்பறியும் சிறுகதையும் பதவி இல்லாத துப்பறிவாளரும்

நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியிலும் அங்கிருந்து கொல்லிமலை அடிவாரம் வரையுள்ள ஊர்களிலும் வீட்டில் ஒரு தோடோ, பட்டியில் ஓர் ஆடோ காணாமல் போனால் ஜனங்களுக்கு நாலைந்து வழிகள் உண்டு. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவரைத் தேடிப் போகலாம். குறி சொல்பவரிடம் கேட்கலாம். சந்தேகப்பட்ட ஆளைக் கோயிலுக்கு வரவழைத்து, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லலாம். எதற்கும் மசியவில்லை என்றால் சன்னிதியில் காசு வெட்டிப் போட்டுவிட்டு, தண்டிக்கிற வேலையைச் சாமியிடமே விட்டுவிடலாம். கடைசி வழி போலீஸ் ஸ்டேஷன். எந்த வழியில் போனாலும் பறிகொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். உண்மை அவருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் அதிகாரம் வேறு யாரிடமோ இருக்கிறது.

பதவி எதுவும் இல்லாத ஒருவர் வந்து, தரையைப் பார்த்து, நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, யோசித்து, நடந்தது இதுதான் என்று சொல்லிவிடுகிற கதை இந்த நிலைமையைத் தலைகீழாக்குகிறது. எட்கர் ஆலன் போ 1841-ல் ட்யூபான் என்ற பாரிஸ்வாசியைப் படைத்த நாளிலிருந்து இந்த வகைக் கதைக்கு வாசகர் குறைந்ததே இல்லை. ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை வைத்து 56 சிறுகதைகள் எழுதினார். செஸ்டர்டனின் பாதர் பிரவுன் ஒரு பாதிரியார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிராமத்துக் கிழவி. ஹோம்ஸ் கட்டணம் வாங்குபவர்தான். ஆனாலும் அரசாங்கம் கொடுத்த பட்டயம் எதுவும் இல்லாமல், மனசுக்குப் பிடித்த வழக்கை மட்டும் எடுத்தவர் என்பதால் அவரையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கதைகள் நம்மை ஏன் இப்படிப் பிடித்து உட்காரவைக்கின்றன? கொலையும் ரத்தமும்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. கொலை நாவல்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன, படித்த மறுநாளே மறந்துபோகின்றன. சாதாரண ஆளுக்கும் உண்மையைக் கண்டுபிடிக்கும் தகுதி உண்டு, ஆதாரத்துக்கு முன்னால் ஜமீன்தாரும் வேலைக்காரனும் ஒன்று என்று இந்தக் கதைகள் உறுதியாகச் சொல்கின்றன. அந்த உறுதிதான் இழுக்கிறது. அந்த எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் அதைச் சுமக்கிற சிறுகதை தமிழில் வேண்டிய அளவுக்கு வளரவில்லை. கவர்ச்சிக்கான காரணம், வளராததற்கான காரணம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஆரம்பம் ஓர் ஒட்டகத்தில் இருக்கிறது. அளகேச கதை என்றும் நான்கு மந்திரி கதை என்றும் வழங்கும் பழைய தமிழ்க் கதையில், வழியில் வரும் நான்கு பேரிடம் ஒரு வணிகன் தன் ஒட்டகத்தைப் பற்றி விசாரிக்கிறான். ஒரு கால் நொண்டியா என்கிறான் ஒருவன். வலது கண் குருடா என்கிறான் இன்னொருவன். வால் குட்டையா, வயிற்றுவலி கண்டதா என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள். வணிகன் திருட்டுப் பட்டம் கட்டி அரசனிடம் இழுத்துப் போகிறான். அங்கேதான் விளக்கம் வருகிறது. தடத்தில் மூன்று கால்களே அழுத்தமாகப் பதிந்திருந்தன. சாலையின் இடப்பக்கத்து இலைகள் மட்டும் மேயப்பட்டிருந்தன. கொசு கடித்த இடத்தில் வால் எட்டாததால் வழி நெடுக ரத்தத்துளி சிந்தியிருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு நடந்ததால் பின்னங்கால்கள் தரையில் சரியாகப் படவில்லை. மையும் இல்லை, குறியும் இல்லை. தரையில் கிடந்ததை எல்லாரும் மிதித்துக்கொண்டு போனார்கள், இவர்கள் நின்று பார்த்தார்கள்.

வால்டேர் 1747-ல் எழுதிய ‘சாடிக்’ கதையில் காணாமல் போன நாயும் குதிரையும் வரும். அதற்கும் இந்த ஒட்டகக் கதைக்கும் தாயாதி உறவு உண்டு. இந்தக் கதை பாரசீகம், அரபு, தமிழ் என்று பல மொழிகளில் சுற்றியிருக்கிறது. தமிழ் வடிவத்தை 1880-களின் கடைசியில் ஆங்கிலத்தில் தந்தவர் பண்டித ச.ம. நடேச சாஸ்திரி. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித்தேடித் தொகுத்தவர். அதே நடேச சாஸ்திரிதான் 1894-ல் தானவன் என்ற போலீஸ் நிபுணன் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் கதைகளை எழுதி, தமிழில் துப்பறியும் கதையைத் தொடங்கிவைத்தார். ஹோம்ஸ் கதைகள் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் 1891-ல்தான் வரத் தொடங்கியிருந்தன. மூன்றே ஆண்டுகளில் தமிழ் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒட்டகத்தின் தடத்தையும் நவீனத் துப்பறிவாளனையும் தமிழில் ஒரே கை தொட்டிருக்கிறது. நம் இலக்கிய வரலாறுகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கேயே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒட்டகத்தை விளக்கிய நால்வரையும் அரசன் மந்திரிகளாக்கிக்கொள்கிறான். தானவனோ தொடக்கத்திலிருந்தே போலீஸ்காரன். புத்திசாலியைக் கண்டதும் நாம் கையோடு ஒரு பதவியைக் கொடுத்துவிடுகிறோம். பதவி இல்லாத புத்திசாலியை அப்படியே விட்டுவைக்க நம் கதைக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. இந்த வழக்கம் நூறு வருஷம் கழித்தும் தொடர்வதைப் பின்னால் பார்ப்போம்.

வாசகனுக்குக் காட்டும் நேர்மை இந்தக் கதைகளின் அடுத்த இழுப்பு. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். பேய், மந்திரம் கூடாது, துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகனிடம் மறைக்கக்கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. இதைச் சொல்லிக்கொடுக்கத் தமிழ் வாசகனுக்கு நாக்ஸ் தேவையில்லை, விடுகதையே போதும். பாட்டி போடும் விடுகதையில் விடைக்கு வேண்டியதெல்லாம் கேள்வியிலேயே இருக்கும். விடை தெரிந்ததும் ‘அட, கண்ணெதிரிலேயே இருந்ததே’ என்று தலையில் தட்டிக்கொள்வோம். வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்து நுழைத்தால் அது விடுகதை ஆகாது, ஏமாற்று. அம்புலிமாமாவில் வேதாளம் ஒவ்வொரு மாதமும் கேள்வி போட்டு விக்கிரமனை மடக்கியபோது, பதிலைப் படிக்குமுன் நாமே யோசித்துப் பார்த்த பழக்கமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இப்படிப் பழகிய வாசகன் துப்பறியும் கதையைப் படிக்கும்போது கதாநாயகனுக்குப் பின்னால் நடப்பதில்லை, பக்கத்தில் நடக்கிறான்.

எங்கள் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் ஹோம்ஸ் கதை 1892 ஜனவரியில் வெளியான நீல மாணிக்கக் கதை. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய வாத்தின் தொண்டைப்பையில் களவுபோன மாணிக்கம் கிடைக்கிறது. வாத்து எங்கிருந்து வந்தது? சந்தை வியாபாரியிடம் கேட்டால், அன்று காலையிலிருந்து அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு எரிச்சலில் இருக்கும் அவர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். ஹோம்ஸ் அவரை மேலும் கீழும் பார்க்கிறார். கிருதா வெட்டியிருக்கும் மாதிரியும், சட்டைப்பையில் துருத்தும் பந்தயப் பத்திரிகையும் கண்ணில் படுகின்றன. அந்த வாத்து கிராமத்தில் வளர்ந்தது என்று பந்தயம் கட்டுகிறார். இல்லை, பட்டணத்தில் வளர்ந்தது என்று நிரூபிக்க வியாபாரி தானே கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, யாரிடம் வாங்கினேன், என்ன விலை, எந்தத் தெரு என்று விளக்கின் கீழ் காட்டிவிடுகிறார். மிரட்டலும் லஞ்சமும் சாதிக்காததை ஒரு பந்தயம் சாதித்தது. வியாபாரியின் கௌரவம் அவருடைய கணக்கில் இருக்கிறது என்று ஹோம்ஸுக்குத் தெரியும். முட்டை அட்டைகளை எண்ணி லாரியில் ஏற்றுகிற எந்த நாமக்கல்காரருக்கும் இது பொழிப்புரை இல்லாமல் புரியும். இந்தக் கதையில் கொலையே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸின் முதல்தரக் கதைகள் பலவற்றில் கிடையாது.

அந்தக் கதையின் முடிவு இன்னும் முக்கியம். திருடியவன் அழுதுகொண்டு காலில் விழ, ஹோம்ஸ் அவனைப் போகவிட்டுவிடுகிறார். போலீஸின் குறையை நிரப்ப என்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்பது அவர் வாதம். பதவி இல்லாதவருக்கு மட்டுமே இந்தச் சலுகை. இன்ஸ்பெக்டர் விட்டால் அது குற்றம். ஹோம்ஸ் விட்டால் அது மன்னிப்பு. பாதர் பிரவுன் இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறார். அவர் துரத்திய பெருந்திருடன் ஃபிளாம்போ பிற்பாடு திருந்தி அவருடைய நண்பனாகவே ஆகிறான். நம் ஊரில் திருடு போனவர்கள் பெரும்பாலும் கேட்பது என்ன? பொருள் திரும்பவேண்டும், எடுத்தது யார் என்று தெரியவேண்டும், ஆனால் ஸ்டேஷன் வரை போகாமல் முடியவேண்டும். எடுத்தது பங்காளியாகவோ பக்கத்து வீட்டுப் பையனாகவோ இருந்தால் இது இன்னும் கூடும். உண்மையையும் தண்டனையையும் தனித்தனியாகப் பிரித்துக் கையாள முடியும் என்று காட்டுவதால்தான் இந்தக் கதைகள் கிராமத்து மனசுக்கு நெருக்கமாக இருக்கின்றன. சட்டப்படி இது சரியா என்று வக்கீல்கள் கேட்கலாம். கதைக்குள் இதுதான் நியாயம் என்று மனசு சொல்கிறது.

பாதர் பிரவுன் கதைகளில் ஒன்றை நம் சமூகத்துக்கென்றே எழுதியதாக நினைத்துக்கொள்வேன். ஒரு கட்டடத்துக்குள் யாரும் நுழையவில்லை என்று காவல் நின்ற நான்கு பேரும் ஒரே குரலில் சாதிக்கிறார்கள். உள்ளே கொலை நடந்திருக்கிறது. நுழைந்தவன் தபால்காரன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், ஆனால் யாரும் அவனை ஓர் ஆளாக எண்ணவில்லை. இங்கிலாந்தில் தபால்காரன் ஒருவன்தான் அப்படி. நம் தெருக்களில் பார்த்தும் பார்க்கப்படாதவர்கள் எத்தனை பேர்! சாக்கடை அள்ளுபவர், துணி வெளுப்பவர், பின்வாசல் வழியாக மட்டும் வந்துபோகும் பண்ணையாள். ‘இந்தப் பக்கம் யாரும் வரலீங்க’ என்று வீட்டுக்காரர் சொல்லும்போது அந்த ‘யாரும்’ என்பதில் யாரெல்லாம் விட்டுப்போகிறார்கள் என்று கேட்கத் தெரிந்த துப்பறிவாளர் தமிழுக்கு எவ்வளவு பொருந்தியிருப்பார்! அவர்களையே குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. யாரும் கேட்காத சாட்சிகள் அவர்கள்தான். பின்வாசல் வழியாக வந்துபோகிறவருக்குத் தெரியாத வீட்டு ரகசியம் இல்லை.

மிஸ் மார்ப்பிள் 1927-ல் ஒரு சிறுகதையில்தான் முதன்முதலில் வந்தார். செவ்வாய்க்கிழமை இரவுகளில் கூடும் நண்பர் கூட்டத்தில் ஆளுக்கொரு மர்மம் சொல்ல, மூலையில் உட்கார்ந்து பின்னல் போடும் கிழவி மட்டும் விடையைச் சொல்கிறார். அவருடைய முறை ஒன்றே ஒன்று: இதேபோல எங்கள் ஊரில் இன்னார் செய்தார். மனித இயல்பு ஊருக்கு ஊர் மாறுவதில்லை என்ற நம்பிக்கை. திண்ணை உள்ள எந்தத் தமிழ் ஊரிலும் இந்தக் கிழவி உண்டு. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணையும், எந்த மருமகள் பிறந்த வீட்டுக்குப் போகும்போது எந்தச் சேலை கட்டுவாள் என்பது அவருக்கு மனப்பாடம். கதைகளில் அவரை வம்புக்காரி என்று ஓரத்தில் ஒதுக்கிவைத்தோம், நடுவில் உட்காரவைத்து ஒரு வழக்கைக் கொடுக்கவில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ நடத்தியபடி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார், மர்மமும் துப்பும் அவற்றில் கலந்து வந்தன. என்றாலும் திண்ணைக் கிழவியைத் தொடர்கதாபாத்திரமாக்கும் சிறுகதை வரிசை பின்னால் வந்தவர்களிடம் உருவாகாமல் போனது பெரிய நஷ்டம்.

துப்பறிதல் நம் கிராமங்களில் ஒரு தொழிலாகவே இருந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மதுரைச் சீமைப் பக்கம் மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்துத் தகவல் வாங்கி மாட்டை மீட்கும் வழக்கம் இருந்தது. துப்பு விலைக்கு விற்கும் சரக்கு. சிந்து, பஞ்சாப் பகுதிகளில் தடம் பார்ப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட கோஜிகள் இருந்தார்கள். நம் ஊர்களில் தலையாரியும் மணியக்காரரும் ஊரின் கண்ணும் காதும். பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்படும்வரை அவர்களை மீறி ஒரு சாமானியன் ‘நான் விசாரிக்கிறேன்’ என்று கிளம்ப முடியாது. கிளம்பியிருந்தால் உனக்கென்ன வந்தது என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியத்தைத்தான் கதை தரவேண்டியிருந்தது.

தமிழ் நாவல் எடுத்த வழி வேறு. ஜே.ஆர். ரங்கராஜு 1908-ல் எழுதிய ‘ராஜாம்பாள்’ நாவலில் துப்பறியும் கோவிந்தன் வந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸ் முதலானவர்களின் ஆங்கில நாவல்களைத் தழுவி மலைபோல எழுதிக் குவித்தார். இவற்றில் துப்பறிதல் ஒரு பங்கு, மீதி கடத்தல், மாறுவேடம், உயில், கல்யாணம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார்தான் இதில் எனக்கு மிகப் பிடித்தவர். காவி கட்டிய ஒருவர் அநியாயக்காரர்களின் சதியை அவிழ்க்கிறார். அரசாங்கச் சம்பளம் வாங்காதவர். பதவி இல்லாத துப்பறிவாளருக்குத் தமிழ் மண்ணில் பொருந்தும் வேடம் துறவி என்பதை வடுவூரார் கண்டுபிடித்துவிட்டார். ஏனென்றால் உனக்கென்ன வந்தது என்று சாமியாரை யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தச் சாமியாரைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950-ல் ‘திகம்பர சாமியார்’ படத்தை எடுத்தது. வில்லனாகவே நாம் அறிந்த எம்.என். நம்பியார் அதில் கதாநாயகன், வேடத்துக்கு மேல் வேடம் மாற்றிச் சதியை அவிழ்க்கிறவர். பின்னாளில் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ எடுத்ததும் அதே நிறுவனம். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ‘மலைக்கள்ளன்’ எழுதினார், 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்து குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. மர்மக்கதைக்குச் சேலம், நாமக்கல் சீமை செய்த பங்கு சிறியதல்ல. ஆனால் கவனியுங்கள்: திகம்பர சாமியாரும் மலைக்கள்ளனும் மாறுவேடத்தால் ஜெயிக்கிறார்கள். ரசிகனுக்குக் கிடைப்பது வியப்பு. தானும் சேர்ந்து யோசிக்கும் வாய்ப்பு குறைவு.

சிறுகதைக்கு வந்தால் தேவன் ஒருவரே உயர்ந்து நிற்கிறார். ஆனந்த விகடனில் 1940-களில் அவர் எழுதிய துப்பறியும் சாம்பு கதைகள் இந்த வகையில் தமிழின் மிகப் பெரிய சாதனை. சாம்பு வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர். அசடு என்று ஊரே முடிவுகட்டிய ஆள். அவர் எதையாவது உளறுவார், தடுக்கி விழுவார், பயந்து ஒளிவார். அதுவே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகா மேதையின் யுக்தி என்று நம்பிப் புகழ்வார். மனைவி வேம்புக்கும் கணவரின் கீர்த்தியில் பெருமை. சாம்புவைச் சிலர் ஹோம்ஸின் கேலிச்சித்திரம் என்று மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு குமாஸ்தா தமிழ்நாட்டில் அடுத்தவர் வழக்கில் தலையிட்டால் ஊர் பொறுக்காது என்று தேவனுக்குத் தெரிந்திருந்தது. வடுவூரார் காவியைக் கொடுத்து வாங்கிய அனுமதியைத் தேவன் அசட்டுத்தனத்தைக் கொடுத்து வாங்கினார். அந்த அனுமதியோடு சாம்பு ஜமீன் பங்களாவுக்குள்ளும் பணக்காரர்களின் விருந்துக்குள்ளும் நடமாடினார். பெரிய மனிதர்களின் பொய்கள் ஓர் எளிய மனிதனின் கால் பட்டு உடைவதைப் பார்த்த வாசகர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் கிடைத்த நிம்மதியும் இருந்தது.

தேவனுக்குக் கிடைத்த இன்னொரு பேறு அளவு. வாரப் பத்திரிகையில் ஒரு முழுக் கதைக்குத் தேவையான சில பக்கங்கள் அவருக்கு இருந்தன. துப்பறியும் சிறுகதை உயிர் வாழும் நீளம் அது. சிக்கல் ஒன்று, சந்தேகத்துக்கு உரியவர் நாலு பேர், பேச்சோடு பேச்சாகப் போட்ட தடயம் இரண்டு, கடைசியில் விளக்கம்: பத்துப் பதினைந்து பக்கம் வேண்டும். அதற்குப் பின் தமிழ்ச் சந்தை இரண்டு அளவுகளையே கொடுத்தது. ஒன்று ஒரு பக்கக் கதை. அதில் கடைசி வரித் திருப்பத்துக்கு இடம் உண்டு, தடயத்துக்கு இல்லை. மற்றொன்று பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல். அதில் நூறு பக்கத்தை நிரப்பத் துரத்தல், கடத்தல், காதல் எல்லாம் சேரவேண்டும். நாமக்கல்லில் துறையூர் பஸ் கிளம்பக் காத்திருந்தவர்களும், லாரியில் வடக்கே போன டிரைவர் கிளீனர்களும் 1980-களில் அந்த நாவல்களை விரும்பிப் படித்தார்கள். எழுத்தைக் கோடிக்கணக்கான கைகளில் சேர்த்த வேலையை நான் மதிக்கிறேன். கதைக்கு வேண்டிய நடு அளவு மட்டும் அந்தச் சந்தையில் விட்டுப்போயிற்று.

தமிழ்த் துப்பறியும் நாவல்களின் நாயகர்களை வரிசையாகப் பாருங்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீரும் உதவியாளர் கத்தரிக்காயுமாக உலகம் சுற்றிய தொழில்முறைத் துப்பறிவாளர். ராஜேஷ்குமாரின் விவேக் போலீஸ் அதிகாரி. சுபாவின் நரேன்–வைஜயந்திக்கும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவுக்கும் துப்பறியும் நிறுவனம் உண்டு. சுஜாதாவின் கணேஷ் 1968-ல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமானார், பிறகு வசந்த் சேர்ந்தார். இருவரும் வக்கீல்கள். போலீஸ் அதிகாரம் இல்லாமல், சாட்சியத்தையும் தர்க்கத்தையும் மட்டும் நம்பியதால் இவர்கள்தான் நான் பேசும் வகைக்கு மிக அருகில் வருகிறார்கள். ஆனாலும் கறுப்புக் கோட்டும் ஒரு சீருடைதான். மந்திரிகளாக்கப்பட்ட அந்த நால்வரின் கதை தொடர்ந்துகொண்டே இருந்தது.

வங்காளத்தில் நடந்தது வேறு. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-ல் படைத்த ப்யோம்கேஷ் பக்ஷி தன்னை டிடெக்டிவ் என்று அழைப்பதை விரும்பாமல் ‘சத்தியான்வேஷி’, சத்தியத்தைத் தேடுபவன் என்று சொல்லிக்கொண்டார். சத்யஜித் ராய் 1965-ல் தன் குடும்பத்துச் சிறுவர் பத்திரிகையான ‘சந்தேஷ்’ இதழில் ஃபெலுதாவைத் தொடங்கினார். பூஜா மலர்களும் சிறுவர் பத்திரிகைகளும் நடு அளவுக் கதைக்கு ஆண்டுதோறும் இடம் கொடுத்தன. இலக்கியத்தில் மதிக்கப்பட்டவர்கள் வெட்கப்படாமல் இந்த வகையை எழுதினார்கள். தமிழிலோ துப்பறியும் கதை எழுதினால் இலக்கியக்காரர் இல்லை என்ற தீர்ப்பு சிறுபத்திரிகைப் பக்கமிருந்து வந்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று திடமாக நினைக்கிறேன்.

இந்த வகைக்கு எதிராகச் சொல்லப்படுவதிலும் நியாயம் உண்டு. நிஜக் குற்றங்களைத் தனிமனித மூளை துலக்குவதில்லை. 1952-ல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு, மானாமதுரையில் ரயில் பெட்டிக்குள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடைத்த உடலோடு தொடங்கியது. அதைத் துலக்கியது போலீஸ் உழைப்பும் மருத்துவப் பரிசோதனையும்தான். இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. சாமானியர்கள் தாங்களே குற்றவாளியைத் தீர்மானித்தால் என்ன ஆகும்? 2018 மே மாதம் குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அதை நம்பி திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். பதவி இல்லாதவர்கள்தான் அவர்களும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கதைகளைத் திரும்பப் படித்தேன். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் முதலில் சந்தேகிக்கப்பட்டவர் நிரபராதி. நீல மாணிக்கக் கதையில் ஏற்கெனவே சிறை சென்ற ஒரு குழாய் வேலைக்காரனைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பழைய குற்றவாளி என்பதே அவனுக்கு எதிரான சாட்சி. அவனை விடுவிப்பதுதான் ஹோம்ஸ் செய்யும் வேலை. ஒட்டகக் கதையிலும் திருடர் பட்டம் முதலில் அந்த நால்வருக்கே கிடைக்கிறது. பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பி விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியன் அவையில், பதவியற்ற ஒரு பெண் சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது மாணிக்கம் என்று காட்டினாள். துப்பறியும் கதை அந்தச் சிலம்பைக் கோவலன் உயிரோடு இருக்கும்போதே உடைத்துப் பார்க்கச் சொல்கிறது. அவசரக் கூட்டம் எதைச் செய்யாதோ அதைத்தான் இந்தத் துப்பறிவாளர் செய்கிறார்: காத்திருக்கிறார், ஆதாரத்தை எல்லார் முன்னும் வைக்கிறார், மறுக்க இடம் கொடுக்கிறார்.

நம் நாட்டில் இந்தப் பாடத்தின் எடை கூடுதல். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிறந்த சாதியாலேயே குற்றவாளி என்று முழு மக்கள் கூட்டங்களையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். கைரேகை வைத்துவிட்டு இரவில் ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தவர்கள் அவர்கள். விடுதலையை ஒட்டித்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சந்தேகம் இன்னும் ஒழியவில்லை. லண்டனில் ஹோம்ஸ் சாம்பலையும் செருப்புத் தடத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே ஆட்சி இங்கே தடம் பார்க்காமல் சாதி பார்த்தது. ஆங்கிலத் துப்பறியும் கதைகளிலும் அந்நிய முகத்தைக் கண்டால் சந்தேகிக்கும் கறை உண்டு, நம் மாத நாவல் வில்லன்களிலும் உண்டு. ஆனால் இந்த வடிவத்தின் விதி அதற்கு எதிரானது. பிறப்பு தடயம் ஆகாது.

சிசிடிவியும் செல்போன் டவரும் வந்தபிறகு இந்தக் கதைக்கு இடமேது என்று கேட்கிறார்கள். கேமரா பார்க்கும் திசை ஒன்றுதான். மின்சாரம் போனால் அதுவும் இல்லை. வார இதழ் ஆசிரியர்கள் ஒரு வருஷத்துக்கு வாரம் பத்துப் பதினைந்து பக்கம் ஒதுக்கட்டும். எழுத ஆட்கள் வருவார்கள். துப்பறிகிறவர் சென்னை வக்கீலாக இருக்கவேண்டியதில்லை. வீடு வீடாகப் போகிற கிராமச் செவிலியர், ரேஷன் கடை எடையாளர், ஊரக வேலைத் திட்டத்துக்கு ஆள் எண்ணுகிற பணித்தளப் பொறுப்பாளர் என்று கேள்வி கேட்பதற்குக் காரணம் உள்ள எளியவர்கள் இன்று எத்தனையோ பேர்.

எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பணப்பெட்டி உடைபட்டிருக்கிறது. ராத்திரி யாரும் உள்ளே வரவில்லை என்று காவலாள் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்த வெளியூர்ப் பையன்மேல் எல்லாருக்கும் சந்தேகம். முட்டை பொறுக்குகிற அக்கா மட்டும் ஒன்றைக் கவனித்திருக்கிறார். மிரண்ட கோழி தோல்முட்டையும் கோணல் முட்டையும் இடும். அன்றைக்கு அப்படிப்பட்ட முட்டைகள் தெற்குக் கொட்டகையின் கடைசி வரிசையில் மட்டும் கிடந்தன. பையன் படுத்திருந்தது வடக்குக் கொட்டகைப் பக்கம். தெற்குக் கடைசி வரிசையை ஒட்டி ஒரே ஒரு கதவு உண்டு, அதன் சாவி இருவரிடம் மட்டும் இருக்கிறது. அக்கா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, சாவிக்காரர்களில் ஒருவரிடம் போய், நேத்து ராத்திரி எத்தனை மணிக்குங்க கரண்ட் போச்சு என்று சாதாரணமாகக் கேட்கிறார்.